தாத்தா ஸ்கூட்டர் எடைக்கா, ரோட்டுக்கா? கிக்கரை உதைக்கும் முன் பார்க்க வேண்டியவை!

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கொஞ்சம் பழைய வீடு ஒன்றுக்குள் போனால், கார் ஷெட்டின் கடைசி மூலையில் ஒரு நைந்த பெட்ஷீட் எதையோ மூடிக்கொண்டிருக்கும். மேலே நாலு காலி அட்டைப்பெட்டி, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள், உடைந்த கேரம் போர்டு. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு பெட்ஷீட்டை விலக்கினால் வட்ட ஹெட்லைட் ஒன்று உங்களைப் பார்க்கும். பஜாஜ் சேத்தக், அல்லது எல்.எம்.எல். வெஸ்பா. இன்னும் பழைய வீடு என்றால் லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அதற்கு மரியாதை உண்டு. ஆயுத பூஜைக்குத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றுவார்கள். ஓடாத வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கணுமா, வேண்டாமா என்று சின்னதாக ஒரு விவாதம் நடக்கும். மறுநாள் மறுபடி பெட்ஷீட்.

மற்ற நாட்களில், "ஏனுங்க, அதை எதுக்கு இன்னும் வெச்சிருக்கீங்க? பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலாவது எடம் மிச்சமாகுமில்லீங்க" என்ற பேச்சுதான். அப்பாருவோ அப்புச்சியோ அதற்குப் பதில் சொல்வதில்லை. பேப்பரைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது பேரன், பேத்திகள் பக்கமிருந்து காற்று மாறி அடிக்கிறது. பழைய சேத்தக்கைக் கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்டு ஓட்டும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு வண்டியையும் ஓட வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஓட வைக்கலாம். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் அவ்வளவு லேசில் சாகாது. பல வண்டிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையிலேயே புகை கக்கிக்கொண்டு எழுந்துவிடும். ஆனால், எழுந்த வண்டியை வீட்டு கேட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியுமா என்பதை முடிவு செய்வது என்ஜின் இல்லை. காலுக்குக் கீழே இருக்கும் தகடும், பீரோவில் இருக்கும் ஆர்.சி. புக்கும்தான். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டையும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அதற்குள் பெயின்ட்டுக்குப் பணம் கொடுத்தாகிவிடும்.

பத்து வருஷம் காத்திருந்த வண்டி

பெரியவர் ஏன் அந்த இரும்பை விட மறுக்கிறார் என்று புரிய வேண்டுமானால், அது வீட்டுக்கு வந்த கதை தெரிய வேண்டும். இன்று ஷோரூமுக்குப் போய் ஆதார் கார்டைக் கொடுத்தால் சாயங்காலம் வண்டி வாசலில் நிற்கிறது. 1970-களில் அப்படியில்லை. எந்த நிறுவனம் எத்தனை ஸ்கூட்டர் செய்யலாம் என்பதை அரசு உரிமம்தான் தீர்மானித்தது. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பஜாஜ் வண்டிக்குக் காத்திருப்பு பத்து ஆண்டு வரைகூடப் போனது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் டாலரில் பணம் அனுப்பினால் சீக்கிரம் கிடைக்கும். அப்படியொரு சொந்தம் இல்லாதவர்கள், கல்யாணத்துக்கு முன்பு பதிவு செய்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் வண்டியைத் தொட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் கேட்கும் வழக்கம் வேரூன்றியதும் இந்தத் தட்டுப்பாட்டில்தான். அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லும் வீடுகளில், பெண் வீட்டார் பட்ட பாட்டையும் யாராவது சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பஜாஜ் நிறுவனம் 1948-லிருந்து இத்தாலிய வெஸ்பாவை இறக்குமதி செய்து விற்றது. 60-களில் பியாஜியோவின் உரிமத்தோடு இங்கேயே தயாரித்தது. அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு, 1972-ல் தன் சொந்தப் பெயரில் கொண்டுவந்ததுதான் சேத்தக். மேவார் மன்னர் மகாராணா பிரதாப்பின் குதிரைப் பெயர் அது. இன்னொரு பக்கம், லாம்ப்ரெட்டாவின் இத்தாலிய ஆலை இயந்திரங்களை வாங்கி வந்து, லக்னோவில் அரசு தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் விஜய் சூப்பரைச் செய்தது. சென்னையில் என்ஃபீல்டு நிறுவனமும் 60-களில் ஃபென்டாபுலஸ் என்ற பெயரில் ஒரு ஸ்கூட்டரை முயன்று பார்த்தது. அது எந்த வீட்டு ஷெட்டிலாவது கிடைத்தால், தயவுசெய்து பேரீச்சம்பழக்காரரைக் கூப்பிடாதீர்கள்.

1989-ல் தூர்தர்ஷனில் 'ஹமாரா பஜாஜ்' விளம்பரம் வந்தபோது சேத்தக் உச்சத்தில் இருந்தது. அதன் பிறகு பைக் மோகமும், கியர் இல்லாத ஸ்கூட்டர்களும் வந்தன. 2009-ல் பஜாஜ் ஸ்கூட்டர் தயாரிப்பையே நிறுத்தியது. இப்போது ஓடும் சேத்தக், 2020-ல் விற்பனைக்கு வந்த எலெக்ட்ரிக் வண்டி. பெயர் ஒன்றுதான், சத்தம் இல்லை.

கொங்கு மண்ணில் தோட்டத்துக்குத் தீவனமும் பால் கேனும் சுமந்தது டி.வி.எஸ். 50. ஸ்கூட்டர் என்பது வாத்தியார், பேங்க் ஊழியர், மில் மேஸ்திரி வீட்டு வண்டி. முன்னால் நிற்க ஒரு பிள்ளை, பின்னால் அம்மா, அம்மா மடியில் இன்னொரு பிள்ளை. மருதமலைக்கும் பேரூருக்கும் அப்படித்தான் குடும்பங்கள் போய் வந்தன.

முதலில் கால் பாயைத் தூக்குங்கள்

வண்டியை வெளியே தள்ளியதும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, கிக்கரை உதைப்பது. வேண்டாம். முதலில் கால் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் பாயைத் தூக்குங்கள். டார்ச் அடித்து, வண்டியைச் சாய்த்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகத் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்லது. 'பொத்' என்று உள்ளே போனால் செலவு அங்கேதான் காத்திருக்கிறது.

காரணம், வெஸ்பாவின் உடம்பு அமைப்பு. அதை வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. 1946-ல் வந்த அவருடைய வெஸ்பாவில், பைக் மாதிரி குழாய்ச் சட்டம் கிடையாது. தகட்டை அழுத்தி வளைத்து, வெல்டிங் செய்து, அந்த உடம்பையே சட்டமாக்கினார். சேத்தக்கும் எல்.எம்.எல்.லும் அதே வழியில் வந்தவை. அதனால் கால் வைக்கும் தகடு அரித்துப்போனால், வண்டியின் முதுகெலும்பே அரிக்கிறது என்று அர்த்தம். மேலே ஒரு தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் பார்க்க ஜோராக இருக்கும். ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு பேரோடு இறங்கும்போது தெரியும்.

லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவற்றின் உள்ளே தடித்த குழாய்ச் சட்டம் ஓடுகிறது. தரைத் தகடு போனால் அதை மட்டும் மாற்றலாம்.

துரு எங்கே பிடிக்கும்? பாய்க்கு அடியில் தேங்கிய தண்ணீர் நிற்கும் ஓரங்களில், நடுவில் மேடாக ஓடும் பகுதியின் இரு பக்கமும், சென்டர் ஸ்டாண்டு பூட்டியிருக்கும் இடத்தில். வெள்ளலூர் பக்கம் காய்ந்த ஷெட்டில் நின்ற வண்டிக்கும், வால்பாறை மழையில் நின்ற வண்டிக்கும் இந்த இடத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும்.

டிங்கரிங் பட்டறைக்குக் கொடுக்கும் முன் ஒன்றை மறக்கக் கூடாது. சேஸிஸ் நம்பர் எங்கே அடித்திருக்கிறது என்று பார்த்து, மேலே தாளை வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். போட்டோவும் எடுங்கள். துருவைத் தேய்க்கும் வேகத்தில் அந்த எண்ணையும் தேய்த்துவிட்டாலோ, பட்டிக்குள் புதைத்துவிட்டாலோ, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த வண்டிக்கு அடையாளமே இல்லை.

எலிக்கூடு முதல் புகை வரை

தகடு தேறிவிட்டதா? இனி என்ஜின்.

பல வருஷம் நின்ற என்ஜினுக்குள் பிஸ்டன், சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் ஆவேசமாக உதைத்தால் ரிங் உடையும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் கிக்கரைக் காலால் உதைக்காமல், கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் பாதி நிம்மதி.

அடுத்தது வலது பக்கம் கவிழ்த்து வைத்திருக்கும் என்ஜின் மூடி. வெஸ்பா குடும்பத்து என்ஜின் காற்றில் குளிர்வது. மேக்னெட்டோ சக்கரத்தில் உள்ள விசிறி, தகர உறை வழியாகக் காற்றைச் சிலிண்டர் மேல் அனுப்பும். அந்த உறைக்குள் எலி கூடு கட்டியிருக்கும். பஞ்சு, பிளாஸ்டிக், பழைய கல்யாணப் பத்திரிகைத் துண்டு எல்லாம் கிடைக்கும். அதை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் வண்டி ஓடும், பத்து நிமிஷத்தில் சூடேறி நிற்கும்.

பெட்ரோல் டேங்க்கைத் திறந்து முகர்ந்தால் வார்னிஷ் வாடை வரும். அந்தப் பழைய பெட்ரோல் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காமல் வெளியேற வேண்டும். உள்ளே துரு இருந்தால், டேங்க்கைக் கழற்றி, சின்ன நட்டுகளையோ ஜல்லியையோ போட்டுக் குலுக்கிக் கழுவுவது மெக்கானிக்குகளின் பழைய வைத்தியம். கார்புரேட்டரின் ஜெட் ஓட்டைகள் பிசின் பிடித்து அடைத்திருக்கும். அதை ஊசியால் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். பெட்ரோல் டியூபைப் பழசாகவே விடாதீர்கள்.

தீப்பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கை அதன் கேப்போடு என்ஜினின் இரும்பில் ஒட்டிவைத்துக் கிக்கரை அழுத்துவார்கள். நீலமாக 'டிக்' என்று வந்தால் சரி. சோர்ந்த மஞ்சளாக வந்தால், பழைய மாடலில் பிளாட்டினம் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருக்கும். இந்தச் சோதனையை, பெட்ரோல் கழுவிய இடத்துக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும்.

இனி மிக முக்கியமான இடம். இன்றைய இருபது வயதுக்காரர் ஓட்டிப் பழகியதெல்லாம் நான்கு ஸ்ட்ரோக் வண்டி. பங்க்குக்குப் போய் "நூறு ரூபாய்க்கு" என்று சொல்லி வந்துவிடுவார். இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் 2டி ஆயில்தான் அதற்கு வழுவழுப்பு. சேத்தக் காலத்து வண்டிகளுக்கு லிட்டருக்கு 20 மி.லி. என்பது பழகிய கணக்கு. 60-களின் மாடல்கள் இதைவிட அதிகம் கேட்கும். வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால், சில கிலோமீட்டரில் பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்ளும். சுந்தராபுரத்தில் கிளம்பிய வண்டியைக் கிணத்துக்கடவிலிருந்து டெம்போவில் ஏற்றி வர வேண்டியதுதான். கைனடிக் ஹோண்டா போன்ற சிலவற்றில் மட்டும் ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு. அதிலும் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் முதல் புகைக்குப் பயப்பட வேண்டாம். ஊற்றிய ஆயில் எரிந்து தீரட்டும். பத்து நிமிஷம் கழித்தும் வெள்ளை வெள்ளையாகப் புகை நிற்காமல் வந்தால், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் காய்ந்து, கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சுகிறது. புகையே இல்லாமல், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் வீரிட்டுக் கத்தினால், மேக்னெட்டோ பக்கத்து சீல் போய் வெளிக்காற்றை இழுக்கிறது. இது ஆபத்தானது. உடனே அணைத்துவிட வேண்டும். பல வருஷம் நின்ற வண்டியில் இந்த ரப்பர் சீல்கள் கல்லாகியிருக்கும். சாமானின் விலை கம்மி, மாற்றுவதற்கு என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்பதால் வேலைக்கூலி அதிகம். "ஓடுதுங்களே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் இரண்டு மாதத்தில் மறுபடி பெட்ஷீட் போடுகிறார்கள்.

வண்டியைச் சாய்த்துவிட்டு உதைக்கும் அந்தப் பழைய பழக்கம்? அது சாமியார் வேலை இல்லை. சாய்க்கும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மட்டம் மாறி, என்ஜினுக்குள் கூடுதலாக இறங்கும். சோக் செய்ய வேண்டிய வேலையைச் சாய்வு செய்கிறது. சோக் சரியாக இருக்கும் வண்டிக்குச் சாய்ப்பு தேவைப்படாது. அதிகமாகச் சாய்த்தால் பிளக் நனைந்து, அப்பா அந்தக் காலத்தில் செய்த மாதிரி கழற்றித் துடைத்து ஊதிக்கொண்டு நிற்க வேண்டும்.

டயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த ஸ்கூட்டர்களின் ரிம் இரண்டு பாதிகளைச் சேர்த்து நட்டு போட்டது. காற்றை முழுதாக இறக்காமல் அந்தப் பாதிகளைப் பூட்டும் நட்டைக் கழற்றினால் ரிம் தெறிக்கும். கை, முகம் எதுவும் தப்பாது. பார்க்க நன்றாக இருக்கும் பழைய டயரையும் நம்பக் கூடாது. பக்கவாட்டில் விரிசல் இருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

ஸ்பேர் கிடைக்காதா? இது கோவைங்க!

"இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வர்றதில்லீங்க" என்ற பதில் முதல் கடையிலேயே வரும். இரண்டாவது, மூன்றாவது கடைக்கும் போக வேண்டும். சேத்தக் நாடு முழுக்க லட்சக்கணக்கில் ஓடிய வண்டி. எல்.எம்.எல். தன் வெஸ்பா மாடலை வெளிநாடுகளுக்கும் பல ஆண்டு ஏற்றுமதி செய்தது. அதனால் கேபிள், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, சீல், பிஸ்டன் போன்ற அன்றாடச் சாமான்களுக்குப் பெரிய பஞ்சம் இல்லை. ஹெட்லைட் ரிம், பக்கவாட்டு மூடி, கம்பெனி எழுத்து போன்றவைதான் கண்ணாமூச்சி காட்டும். அதற்குத்தான் உக்கடம் பழைய சாமான் கடைகள்.

கிடைக்காத புஷ்ஷும் ஷாஃப்ட்டும் என்னாவது? கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் லேத் சத்தம் கேட்காத தெரு குறைவு. பம்ப்பும் மோட்டாரும் செய்து பழகிய கைகளுக்கு, தேய்ந்த ஒரு பழைய புஷ்ஷைக் கொடுத்தால் போதும், அளவெடுத்துக் கடைந்து தந்துவிடுவார்கள். வேறு ஊரில் குப்பைக்குப் போகும் வண்டி, இங்கே பிழைக்க இது ஒரு காரணம்.

பழைய வண்டியைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் இந்த ஊருக்குப் புதிதில்லை. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவைக்கு வந்து ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து, காசு சேர்த்து, அந்த ரட்ஜ் வண்டியை வாங்கினார். ஓட்டித் தீர்க்கவில்லை. பிரித்துப் பிரித்துப் பூட்டி, எந்திரம் படித்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர் அவர்தான். அவிநாசி சாலையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், மற்ற ஊர்க்காரர்கள் எடைக்குப் போட்ட கார்களெல்லாம் எப்படி நிற்கின்றன என்று காட்டலாம்.

ஆர்.சி. யார் பேர்ல இருக்குதுங்க?

எல்லாம் முடிந்தது. வண்டி ஓடுகிறது. இப்போது பீரோவைத் திறக்க வேண்டும். உண்மையில் இதைத்தான் முதல் நாளே திறந்திருக்க வேண்டும்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 1985-ல் வாங்கி, 2005-ல் ஓரங்கட்டிய வண்டிக்கு ஒரு தடவையாவது புதுப்பித்திருப்பார்களா என்பதே சந்தேகம். புதுப்பிக்காத வண்டியை ரோட்டில் ஓட்டினால் பிடிபடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. புதுப்பிக்க விரும்பினால் படிவம் 25-ஐக் கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் அறிவிப்பின்படி, 20 ஆண்டைத் தாண்டிய இரு சக்கர வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். இதோடு தாமதத்துக்கான கட்டணம், மாநில அரசின் பசுமை வரி எல்லாம் சேரும். பழைய புத்தக ஆர்.சி. என்றால், அந்த வண்டியின் விவரம் ஆன்லைனில் ஏறாமலேயே இருக்கலாம். அப்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றித் தர வேண்டியிருக்கும். ஒரு நாளில் முடியும் காரியமில்லை.

இதெல்லாம் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இருக்கும் வரை. பெரியவர் இருக்கும்போதே பேரன் பெயருக்கு மாற்றுவதாக இருந்தால் வேலை எளிது. 29, 30 படிவங்களில் அவர் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் காலமாகிவிட்டால் கதையே வேறு. 30 நாளுக்குள் தகவல் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். வாரிசு என்றால் மகன்கள் மட்டும் இல்லை. கட்டிக்கொடுத்த அத்தைகளும் வாரிசுதான். பல வீடுகளில் தோட்டம், காடு பங்கு விஷயமே பேசி முடிக்காமல் கிடக்கும்போது, ஒரு ஸ்கூட்டருக்காக அத்தையிடம் கையெழுத்துக் கேட்டுப் போக யாருக்குத் தைரியம் வரும்? வண்டி மூலையிலேயே நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். என்ஜினில் ஒரு குறையும் இருக்காது.

"சரி, எடைக்கே போட்டுடலாம்" என்றாலும் பேப்பர் வேலை விடாது. வண்டியை அழித்துவிட்டால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். தெருவில் வரும் இரும்புக்காரருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தால், அரசுக் கணக்கில் அந்த வண்டி தாத்தா பெயரிலேயே உயிரோடு இருக்கும். அந்த நம்பரை யாராவது வேறு எதிலாவது மாட்டி ஓட்டினால், போலீஸ் தேடி வரும் முகவரி உங்கள் வீடு. அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்துவிடுவதே நல்லது.

1970-களின் தொடக்கத்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளை 'வின்டேஜ்' எனப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். பத்து ஆண்டு செல்லும். ஆனால், அந்த வண்டியில் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்க முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம்.

தினமும் ஓட்டலாமா?

ஓட்டுவதற்கு லைசென்ஸ் சரிதானா என்று முதலில் பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவர்கள் சேத்தக்கைத் தொட முடியாது. இடது கைப்பிடியை கிளட்ச்சோடு சேர்த்துத் திருகி கியர் மாற்ற வேண்டும். பின் பிரேக் வலது காலில். என்ஜின் வலது பக்கம் இருப்பதால் வண்டி அந்தப் பக்கம் லேசாக இழுக்கும். பெரியவருக்கு இது உடம்போடு பழகியது. பேரனுக்கு ஒரு காலி மைதானத்தில் இரண்டு நாள் பழக்கம் தேவை. கற்றுத்தர அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

தினசரி உபயோகத்துக்கு இது ஏற்றதில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. புகைச் சான்றிதழ் வாங்கவே நல்ல ட்யூனிங் தேவை. பின்னால் வருபவரின் நுரையீரலுக்கு நம் வீட்டு மலரும் நினைவுகள் தெரியாது. பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்குகளில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். எனவே, டேங்க் நிறைய ஊற்றி மாதக்கணக்கில் நிறுத்தாமல், ஓட்டும் அளவுக்கு ஊற்றி, நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை என்ஜினை ஓடவிட்டு அணைப்பது நல்லது.

இந்தக் கணக்கையெல்லாம் தாண்டி ஓட்டியவரும் இருக்கிறார். மைசூருவைச் சேர்ந்த கிருஷ்ணகுமாருக்கு அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது ஒரு பஜாஜ் சேத்தக். அப்பா 2015-ல் காலமானார். கூட்டுக் குடும்பத்தின் சமையலறையிலேயே வாழ்ந்துவிட்ட அம்மா சூடாரத்னா, பக்கத்தில் இருக்கும் பேலூர், ஹளேபீடு கோயில்களைக்கூடப் பார்த்ததில்லை என்று மகனுக்குத் தெரியவந்தது. வேலையை விட்டார். 2018 ஜனவரியில், அதே ஸ்கூட்டரின் பின்சீட்டில் அம்மாவை உட்கார வைத்துக் கிளம்பினார். அப்பாவும் கூட வருவதாக நினைத்துத்தான் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தார். இந்தியா முழுக்க, நேபாளம், பூடான், மியான்மர் என 50,000 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். செய்தியைப் பார்த்த தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அவர்களுக்கு ஒரு கார் பரிசளித்தார். அடுத்த சுற்று யாத்திரைக்கும் அவர்கள் ஸ்கூட்டரைத்தான் எடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் கைக்கு வந்த பிறகு, டிராஃபிக் சேராத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆனைமலை ரோடோ, சிறுவாணி ரோடோ போதும். ஹெல்மெட் இரண்டு வேண்டும். பெரியவர் "எங்க காலத்துல..." என்று ஆரம்பிப்பார், அவர் தலையிலும் ஒன்றை மாட்டிவிடுங்கள். கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். இருபது வருஷமாக அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.